நாலு லென்ஸ்... ஒரு பர்ஸ்! எதை வாங்கலாம் பாஸ்?

கேமராவை விட லென்ஸுக்கு அதிகமா செலவு பண்ணப் போறீங்களா? கடைப் படி ஏறுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க!

கேமரா கைக்கு வந்தாச்சு. கூடவே வந்த கிட் லென்ஸை வெச்சு காலேஜ் கல்ச்சுரல்ஸ், கசின் நிச்சயதார்த்தம், மொட்டை மாடியில காயற வடகம் வரைக்கும் சுட்டுத் தள்ளியாச்சு. இப்போ மனசுக்குள்ள ஒரு நமைச்சல்... ‘புரொஃபஷனல் லென்ஸ் ஒண்ணு வாங்கினா என்ன?’ கரெக்டா?

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ‘24-70 வாங்குடா, எஃப் 2.8 வாங்குடா.’ நீங்களும் நம்பிப் போவீங்க. கடைக்காரர் அலமாரியைத் திறந்து நாலு டப்பாவை வரிசையா அடுக்குவார். நாலும் கறுப்பு. நாலும் குட்டி சொம்பு சைஸ். நாலுமே ‘ஸ்டாண்டர்ட் ஜூம்’. ஆனா விலை மட்டும் ஒண்ணுக்கு இன்னொண்ணு ரெண்டரை மடங்கு! எடுத்துப் பார்த்தா படம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அப்புறம் எதுக்கு அவ்வளவு பணம்?

இங்கேதான் பல பேர் தடுக்கி விழுறாங்க. விழுறது சின்னப் பள்ளம் இல்லை பாஸ்... அப்பாவோட பி.எஃப். லோன், அம்மாவோட வளையல், இல்லைன்னா ரெண்டு வருஷ இ.எம்.ஐ! அதனால கொஞ்சம் நிதானமா, கால்குலேட்டரும் கையுமா பார்த்துடலாம், வாங்க.

அதென்ன ஸ்டாண்டர்ட்?

ஃபுல் ஃப்ரேம் சென்ஸார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். மூலைக்கு மூலை அளந்தா சுமார் 43 மி.மீ. லென்ஸோட ஃபோகல் லெங்த் இதுக்குப் பக்கத்துல இருந்தா படம் இயல்பா இருக்கும். குறைஞ்சா வைடு, கூடினா டெலி. இந்த 43-ஐ நடுவுல வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் கை நீட்டுற லென்ஸ்தான் ஸ்டாண்டர்ட் ஜூம்.

24-ல மண்டபம் மொத்தமும் வரும். 35-ல பந்தி வரும். 50-ல மனுஷன் வருவான். 70-ல முகம் வரும். ஒரு கல்யாணத்துல பாதிக்கு மேல இந்த ஒரே லென்ஸ்ல முடிச்சிடலாம். கேனான் தன்னோட 24-70 எஃப் 2.8-ஐ 2002-ல இறக்கினது. நிக்கான் 2007-ல. அப்போலேர்ந்து புரொஃபஷனல் பையில முதல் லென்ஸ் இந்த நம்பர்தான்.

‘எஃப் 2.8’ங்கிறது? ஃபோகல் லெங்த்தை அந்த நம்பரால வகுத்தா, வெளிச்சம் உள்ளே போற வாசலோட விட்டம் கிடைக்கும். 70-ஐ 2.8-ஆல வகுத்தா 25 மி.மீ. நம்பர் சின்னதா இருந்தா வாசல் பெருசு. பிசிக்ஸ்ல அரியர் வெச்சவங்களும் இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. பின்னாடி ஒரு மேஜிக் இருக்கு!

களத்துல நாலு பேர்!

எல்லா கம்பெனியையும் ஒண்ணா கலந்தா குழப்பம்தான் மிஞ்சும். சோனி மவுன்ட்டை எடுத்துக்குவோம். காரணம் இருக்கு. 2011-லேயே சோனி தன்னோட இ மவுன்ட்டின் அடிப்படை விவரங்களை மத்த லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணம் இல்லாம திறந்து விட்டுடுச்சு. அதனால இங்கே போட்டியும் அதிகம், தலைவலியும் அதிகம்.

ஒண்ணு... சோனியோட சொந்த 24-70 எஃப் 2.8 ஜி.எம். டூ. 2022-ல வந்தது. 695 கிராம். இதோட அண்ணன், 2016-ல வந்த முதல் ஜி.எம்., 886 கிராம். ஆறு வருஷத்துல ஒரு மொபைல் போன் வெயிட்டைக் குறைச்சிருக்காங்க. அமெரிக்காவுல அறிமுக விலை கிட்டத்தட்ட 2,300 டாலர்.

ரெண்டு... சிக்மா 24-70 எஃப் 2.8 ஆர்ட், இரண்டாம் பதிப்பு. 2024-ல வந்தது. 735 கிராம். முதல் பதிப்பு 2019. அறிமுக விலை சுமார் 1,200 டாலர்.

மூணு... டாம்ரான் 28-75 எஃப் 2.8 ஜி டூ. 2021. வெறும் 540 கிராம். ஃபில்டர் சைஸும் 67 மி.மீ.தான். முதல் ரெண்டுக்கும் 82. சுமார் 900 டாலர். ஆனா நல்லா கவனிங்க, இது 24-ல ஆரம்பிக்கலை, 28-ல ஆரம்பிக்குது.

நாலு... சோனி 24-105 எஃப் 4 ஜி. 2017. 663 கிராம், உள்ளேயே ஆட்டம் தாங்குற ஸ்டெபிலைசேஷன் இருக்கு. சுமார் 1,300 டாலர். வாசல் சின்னது, கை நீளம்.

நம்ம ஊருக்கு வரும்போது டாலரை அப்படியே ரூபாயா மாத்தி கணக்குப் போடாதீங்க. வரி, டீலர் மார்ஜின்னு அதுவே தனிக் கதை. ஆனா ஒண்ணுக்கொண்ணு எத்தனை மடங்குங்கிற விகிதம் தெரிஞ்சா போதும், பேரத்துக்கு அது உதவும்.

முகூர்த்த நேரத்துல ஒரு ஸ்டாப்!

2.8-க்கும் 4-க்கும் வித்தியாசம் ‘ஒரு ஸ்டாப்’. அப்படின்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு. கேக்க சாதாரணமா இருக்கும். கல்யாண மண்டபத்துல நின்னு பாருங்க.

கெட்டிமேளம் ஆரம்பிச்சிடுச்சு. ஹோமப் புகை. அட்சதை பறக்குது. பெரியப்பா ஒருத்தர் சரியா உங்க ஃப்ரேமுக்குள்ள கையை நீட்டி ஆசீர்வாதம் பண்றார். நாத்தனார் மூணாவது முடிச்சு போடுறதுக்குள்ள எல்லாம் எடுத்தாகணும். மாப்பிள்ளை கை அசையுது, அதனால ஷட்டர் 200-ல் ஒரு செகண்டாவது வேணும். எஃப் 2.8-ல ஐ.எஸ்.ஓ. 3200 வெச்சு சமாளிக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். அதே இடத்துல எஃப் 4 லென்ஸ் இருந்தா, ஐ.எஸ்.ஓ. 6400-க்குப் போகணும். இல்லைன்னா ஷட்டரை நூறுக்கு இறக்கணும். நூறுக்கு இறக்கினா, தாலி கட்டுற விரல் படத்துல பஞ்சு மிட்டாய்!

‘அதான் ஸ்டெபிலைசேஷன் இருக்கே’ன்னு கேப்பீங்க. அது உங்க கை ஆடுறதைத்தான் நிறுத்தும். மாப்பிள்ளை கை ஆடுறதை நிறுத்தாது. இது ரொம்ப முக்கியம் மக்களே... கோயில் கோபுரத்துக்கு ஸ்டெபிலைசேஷன், கும்மியாட்டத்துக்கு எஃப் 2.8.

அதுக்காக எஃப் 4-ஐ ஒரேயடியா ஒதுக்கவும் வேண்டாம். உங்க கிட் லென்ஸ் 28-70 எஃப் 3.5-5.6 டைப்னா, 70-ல அது எஃப் 5.6. அதுலேர்ந்து எஃப் 4-க்கு வந்தாலே வெளிச்சம் டபுள். எஃப் 2.8-க்கு வந்தா நாலு மடங்கு. தவிர, நம்ம ஊர் கல்யாணத்துல ஃபிளாஷ் அடிச்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. மேல வெள்ளை சீலிங் இருந்தா அதுல பவுன்ஸ் பண்ணி அந்த ஒரு ஸ்டாப்பை வாங்கிடலாம். லென்ஸை விட ஃபிளாஷ் விலை குறைவுதானே? ஆனா ஆடிட்டோரியத்துல பரதநாட்டியம், இருட்டு மேடையில லைட் மியூஸிக்னா ஃபிளாஷ் கூடாது. அங்கே எஃப் 2.8-தான் ராஜா.

பின்னாடி மங்கணுமா? மேஜிக் இதோ!

‘எஃப் 2.8 வாங்கினாத்தான் பேக்கிரவுண்ட் மங்கும்’னு ஒரு நம்பிக்கை இருக்கு. முன்னாடி சொன்ன வாசல் கணக்கை எடுங்க. 70-ஐ 2.8-ஆல வகுத்தா 25 மி.மீ. இப்போ 105-ஐ 4-ஆல வகுங்க... 26 மி.மீ.க்கும் கொஞ்சம் மேல!

முகத்தை அதே சைஸ்ல ஃப்ரேம் பண்ணினா, தூரத்துல இருக்கிற பின்னணி எவ்வளவு மங்கும்ங்கிறதை முடிவு பண்றது இந்த வாசல் விட்டம்தான். அதாவது, 24-105-ஐ முழுசா நீட்டி, ரெண்டடி பின்னாடி தள்ளி நின்னு எடுத்தா, தூரத்து சீரியல் லைட் எல்லாம் 24-70 எஃப் 2.8 அளவுக்கே உருண்டை உருண்டையா மங்கும். வெளிச்சத்துலதான் எஃப் 4 தோக்கும். மங்கல்ல தோக்காது.

இன்னொரு விஷயம். 70-ல, எஃப் 2.8-ல, ரெண்டு மீட்டர் தூரத்துல நின்னு எடுத்தா, முன்னும் பின்னும் சேர்த்து சுமார் 14 செ.மீ. ஆழம்தான் ஷார்ப்பா இருக்கும். பொண்ணு முகம் பளிச், பக்கத்துல அரை அடி பின்னாடி நிக்குற மாப்பிள்ளை முகம் பனிமூட்டம்! ஆல்பம் பார்க்கும்போது மாமியார் வீட்ல சும்மா விடுவாங்களா? அதனால ஜோடியா கிட்டே போய் எடுக்கும்போது நீங்களே எஃப் 4-க்கு, எஃப் 5.6-க்குப் போயிடுவீங்க. அந்த நேரத்துல, கூட கொடுத்த காசு சும்மா பையில தூங்கும்.

நாலு மில்லிமீட்டர்ல என்ன வரும்?

24-க்கும் 28-க்கும் வெறும் 4 மி.மீ. ‘அட, அதெல்லாம் ஒரு வித்தியாசமா?’ன்னு தோணும். மேடைக்கு முன்னாடி மூணு மீட்டர் தள்ளி நில்லுங்க. 24-ல உங்களுக்குத் தெரியற அகலம் நாலரை மீட்டர். 28-ல மூணு மீட்டர் 85 செ.மீ. வித்தியாசம் 65 செ.மீ. அதாவது குடும்ப குரூப் போட்டோவுல ஓரத்துல நிக்குற ஒரு சித்தப்பா அவுட். கொஞ்சம் நெருங்கி நின்னா சித்தியும் அவுட்!

பெரிய மண்டபம்னா ரெண்டு அடி பின்னாடி போயிடலாம். சின்ன வீட்டு ஹால்ல நலங்கு வைக்கிறாங்க, உங்க முதுகு ஏற்கெனவே பீரோவுல முட்டி நிக்குதுன்னா? எங்கே போவீங்க?

டெலி பக்கம் இந்தப் பிரச்னை இல்லை. 70-ல எடுத்த படத்தை வெட்டி 105 மாதிரி ஆக்கலாம். 24 மெகாபிக்ஸல் கேமரான்னா வெட்டினதுக்கு அப்புறம் பத்தரை மெகாபிக்ஸலுக்கு மேல மிஞ்சும். ஆல்பத்துல 12-க்கு 18 இன்ச் பக்கம் ஒண்ணை, இன்ச்சுக்கு 200 புள்ளி கணக்குல பிரின்ட் போட 8.6 மெகாபிக்ஸல் போதும். அதனால டெலி பக்கம் குறைஞ்சா வெட்டிக்கலாம். வைடு பக்கம் குறைஞ்சா படத்துல இல்லாத சித்தப்பாவை எங்கேர்ந்து கொண்டு வர்றது?

அப்போ சோனிக்கு எதுக்கு டபுள் காசு?

நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லணும்னா, எஃப் 8-ல வெச்சு ஒரு படத்தை எடுத்து, எது எந்த லென்ஸ்னு சொல்லாம காட்டினா கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். வித்தியாசம் இருக்கிறது ஓரங்கள்ல, முழுசா திறந்த எஃப் 2.8-ல, நேரா அடிக்கிற மேடை விளக்குல. இதைத் தவிர, படத்துல தெரியாத வித்தியாசங்கள் சில இருக்கு.

சோனியோட ஏ9, ஏ1 மாதிரி பாடிகள்ல செகண்டுக்கு 20, 30 படம் சுடலாம். ஆனா வேற கம்பெனி லென்ஸ் மாட்டினா 15-ஓட நின்னுடும். ஸ்போர்ட்ஸ் எடுக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். உங்க பாடி செகண்டுக்கு 10 படம்தான் எடுக்கும்னா, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்தது வீடியோ. ஃபோகஸ் மாறும்போது ஃப்ரேமே லேசா மூச்சு விடற மாதிரி விரிஞ்சு சுருங்கும். அதைச் சரி பண்ற வசதி புது சோனி பாடிகள்ல இருக்கு. ஆனா அது சோனி லென்ஸுக்கு மட்டும்தான் வேலை செய்யும். குறும்படம் எடுக்கிற கோஷ்டி இதைக் குறிச்சுக்கோங்க.

ஆக, அந்த டபுள் காசு கூடுதல் அழகுக்கு இல்லை. உங்க கேமராவோட கடைசி பத்து சதவிகித வித்தையை வெளியே கொண்டு வர்றதுக்கு. அந்த வித்தை உங்க கேமராவுல இருக்கா, உங்க வேலைக்கு அது வேணுமாங்கிறதுதான் கேள்வி.

பதில் உங்க ஹார்ட் டிஸ்க்ல!

இதுதான் இந்தக் கட்டுரையோட ஹைலைட். நீங்க எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எந்த ஃபோகல் லெங்த், எந்த எஃப் நம்பர், எந்த ஐ.எஸ்.ஓ.ன்னு கேமரா குறிச்சு வெச்சிருக்கும். எக்ஸிஃப்னு பேர்.

விண்டோஸ்ல போட்டோ ஃபோல்டரை ‘டீடெய்ல்ஸ்’ வ்யூவுல திறங்க. மேல இருக்கிற தலைப்பு வரிசையில ரைட் கிளிக் பண்ணி, ‘மோர்’ அமுக்குங்க. ‘ஃபோகல் லெங்த்’, ‘எஃப்-ஸ்டாப்’, ‘ஐ.எஸ்.ஓ. ஸ்பீட்’ மூணுக்கும் டிக் போடுங்க. இப்போ ஒவ்வொரு தலைப்பையும் கிளிக் பண்ணினா அந்த வரிசையில அடுக்கிடும். அஞ்சு பைசா செலவில்லை.

நல்லா வந்த படங்களை மட்டும் பார்க்காதீங்க. சொதப்பின படங்களைப் பாருங்க. பாதிப் படம் 70-ல முட்டி நிக்குதா? உங்களுக்குக் கை நீளம் பத்தலை, 24-105 பக்கம் போங்க. 28-ல முட்டி நிக்குதா? 24 வேணும், டாம்ரானை மறந்துடுங்க. எல்லாம் நடுவுல இருக்கு, ஆனா ஐ.எஸ்.ஓ. 6400-க்கு மேல போய் புள்ளி புள்ளியா இருக்கா? எஃப் 2.8 உங்களுக்குத்தான். எல்லாமே பட்டப்பகல்ல எஃப் 8-ல எடுத்த மலை, அருவி, மாடு கன்னா? பாஸ்... லென்ஸ் காசுல ஒரு டிரைபாட் வாங்கிட்டு, மிச்சத்துக்கு வால்பாறைக்கு டிக்கெட் போடுங்க!

எங்க ஹாஸ்டல்ல ஃபைனல் இயர் மெக்கானிக்கல் அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஞாயிற்றுக்கிழமை ஆனா ஏதாவது ஒரு மண்டபத்துல இருப்பார். செமஸ்டர் ஃபீஸ்ல ஒரு பங்கு அதுலேர்ந்துதான். தை மாச முகூர்த்தங்களுக்கு முன்னாடி ஜி.எம். டூ வாங்கியே ஆகணும்னு துடிச்சார். அவங்க அம்மா கையில கிடந்த ரெண்டு வளையலை அடகு வைக்கவும் ரெடி. அன்னிக்கு ராத்திரி மெஸ் முடிச்சிட்டு நாங்க நாலு பேர் உட்கார்ந்து அவரோட மூணு கல்யாண ஃபோல்டரை இப்படி அடுக்கிப் பார்த்தோம். சொதப்பின படங்கள்ல பெரும்பாலும் 70-ல முட்டி நின்னது, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. எகிறிப் போனது. 28-ல முட்டினது ரொம்பக் குறைவு. அதாவது அவருக்கு வேண்டியது தூரமும் வெளிச்சமும். வைடு இல்லை.

அப்புறம் கணக்குப் போட்டோம். டாம்ரான் 28-75 ஒண்ணு. கூட சோனியோட 85 எஃப் 1.8 ப்ரைம் லென்ஸ் ஒண்ணு. அமெரிக்க அறிமுக விலைப்படி 900-ம் 600-ம் சேர்த்து 1,500 டாலர். ஜி.எம். டூ ஒண்ணே 2,300! எஃப் 2.8-ஐ விட எஃப் 1.8 கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வெளிச்சம் தரும். ரெண்டு லென்ஸையும் சேர்த்தா 911 கிராம். அண்ணன் அதைத்தான் வாங்கினார், ரெண்டையும் செகண்ட் ஹேண்ட்ல. கையில இருந்த சேமிப்புக்குள்ள முடிஞ்சது. வளையல் அம்மா கையிலேயே இருக்கு.

நஷ்டமே இல்லையான்னா, இருக்கு. முகூர்த்த நேரத்துல லென்ஸ் மாத்த முடியாது. அதனால எந்த லென்ஸோட மேடைக்கு ஏறணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணணும். சின்ன வீட்டு ஃபங்ஷன்ல குரூப் போட்டோ எடுக்க வாசல் வரைக்கும் பின்னாடி நடக்கிறார். ஆனா அந்த நஷ்டம் என்னன்னு தெரிஞ்சேதான் வாங்கினார். அதுதான் முக்கியம்.

வாங்கலாமா... வாடகைக்கு எடுக்கலாமா?

பெரிய ஊர்கள்ல லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். லென்ஸ் விலையை ஒரு நாள் வாடகையால வகுங்க. உதாரணத்துக்கு லென்ஸ் ஒரு லட்சம், வாடகை நாளுக்கு ஆயிரம்னு வெச்சுக்குவோம். நூறு நாள் எடுத்தாத்தான் வாங்கின காசு சமம். வருஷத்துக்குப் பத்து நாள்தான் உங்களுக்கு வேலைன்னா, பத்து வருஷம்! வாடகையே லாபம். மாசத்துக்கு எட்டு கல்யாணம்னா யோசிக்காம வாங்குங்க.

வாங்கறதா முடிவு பண்ணினாலும், ரெண்டு லென்ஸை ஒரே ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்து, ஒரே மண்டபத்துல போட்டுப் பாருங்க. நூறு ரிவ்யூ படிக்கிறதை விட அது மேல்.

கேனான், நிக்கான் கோஷ்டியா?

கோவிச்சுக்காதீங்க, கணக்கு ஒண்ணுதான். கேனான் ஆர்.எஃப். மவுன்ட்ல 24-70 எஃப் 2.8 இருக்கு, 2019-ல வந்தது, 900 கிராம். அதே கேனான் 2024-ல 28-70 எஃப் 2.8-ஐ 495 கிராம்ல இறக்கியிருக்கு. நிக்கான் இசட் மவுன்ட்லயும் 28-75 எஃப் 2.8 இருக்கு. 24-120 எஃப் 4-ம் இருக்கு, 630 கிராம்தான். அதே வெளிச்சமா-தூரமா சண்டை, அதே 24-ஆ 28-ஆ குழப்பம்!

கிராப் சென்ஸார் கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோனியோட 6000 சீரிஸ்ல 24-70-ஐ மாட்டினா அது 36-105 மாதிரி நடந்துக்கும். குரூப் போட்டோவுல பாதிக் குடும்பம் காணாம போயிடும். சிக்மா 18-50 எஃப் 2.8, டாம்ரான் 17-70 எஃப் 2.8 எல்லாம் உங்களுக்காகவே செஞ்சது. அந்த சிக்மா 290 கிராம்தான். சட்டைப்பையில போட்டா கூட சட்டை கிழியாது!

கடையில அஞ்சு நிமிஷ டெஸ்ட்!

ஒண்ணு: எதிர்ல இருக்கிற செங்கல் சுவர், இல்லைன்னா போர்டு நிறைய உள்ள கட்டடத்தை நேரா நின்னு, 24-லயும் 70-லயும், எஃப் 2.8-ல எடுங்க. பெருசாக்கி நாலு மூலையையும் பாருங்க. மூணு மூலை ஷார்ப்பா இருந்து ஒண்ணு மட்டும் மங்கினா, உள்ளே கண்ணாடி சாஞ்சிருக்குன்னு அர்த்தம். அதே மாடல்ல வேற பீஸ் கேளுங்க.

ரெண்டு: விளக்குக்கு எதிரா ஒரு படம். மேடை விளக்கு மேல விழும்போது எவ்வளவு வெளிறுதுன்னு தெரிஞ்சிடும்.

மூணு: செகண்ட் ஹேண்டா? மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு, மறு பக்கத்துலேர்ந்து உள்ளே பாருங்க. சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிஞ்சா அது ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஈரக் காத்துல இது சகஜம். எவ்வளவு சீப்பா கொடுத்தாலும் ஓடி வந்துடுங்க.

நாலு: லென்ஸைத் தலைகீழா பிடிச்சு லேசா ஆட்டுங்க. ஜூம் தானா வழுக்கி நீளுதா? நிறைய உழைச்ச லென்ஸ்.

அஞ்சு: பில்லும் இந்திய வாரன்ட்டி கார்டும் இல்லாம எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் புது லென்ஸை வாங்காதீங்க. ரிப்பேர்னு வந்தா அந்தத் தள்ளுபடி தாங்காது.

வீட்டுக்கு வந்ததும், காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வெச்சுடுங்க. மழைக்காலத்துல பீரோவுக்குள்ள துணியோட சுத்தி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

யாருக்கு எது?

ஸ்போர்ட்ஸ், வேகமான பாடி, சீரியஸ் வீடியோ, மாசம் முழுக்க புக்கிங்... ஜி.எம். டூ. லோன் போட்டாலும் லென்ஸே அதை அடைச்சிடும்.

24-ம் வேணும், 2.8-ம் வேணும், ஆனா பர்ஸ் பாவம்... சிக்மா. முதல் பதிப்பு செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா இன்னும் லாபம். கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

நாள் முழுக்கக் கழுத்துல தொங்கணும், மிச்சக் காசுல ஒரு ப்ரைமும் ஃபிளாஷும் வேணும்... டாம்ரான்.

டூர், தெருக் காட்சி, திருவிழா, பகல் நேர ஃபங்ஷன், லென்ஸ் மாத்த சோம்பேறித்தனம்... 24-105.

இன்னும் முடிவு பண்ண முடியலையா? அப்போ நீங்க வாங்க வேண்டிய நேரம் இன்னும் வரலைன்னு அர்த்தம். கிட் லென்ஸோட இன்னும் ரெண்டு மாசம் சுத்துங்க. எந்த இடத்துல ‘ச்சே, இது மட்டும் இருந்திருந்தா!’ன்னு வாய்விட்டுச் சொல்றீங்களோ, அதைப் பேப்பர்ல எழுதி வைங்க. ஒரே வரி மூணு தடவை வந்துடுச்சுன்னா, அந்தப் பேப்பரைக் கடைக்காரர்கிட்ட நீட்டுங்க. நாலு டப்பாவுல மூணை அவரே உள்ளே எடுத்து வெச்சிடுவார்.

ஹேப்பி க்ளிக்கிங் மக்களே!